வீட்டுக்கு டிஜிட்டல் பியானோ: வாங்கும்போதும் வாசிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பியானோ பார்க்கப் போகிறவர்களில் பலர் கடையில் முதலில் செய்வது, சத்தத்தைக் கூட்டி வைத்து, பட்டனை அமுக்கி ஒவ்வொரு வாத்தியமாக மாற்றிக் கேட்பதுதான். ஆர்கன், வயலின், புல்லாங்குழல் என்று வரிசையாக வரும். எதில் அதிக ஒலிகள் இருக்கின்றனவோ அதை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள். கொஞ்ச நாள் போனால் பியானோ ஒலியைத் தவிர வேறு எதையும் யாரும் தொடுவதில்லை. கீயைத்தான் தினமும் தொட்டாக வேண்டும். கோலாலம்பூரில் என்னிடம் யோசனை கேட்கும் நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதலில் விரலுக்குப் பாருங்கள், அடுத்து வீட்டுக்குப் பாருங்கள், ஒலிகளின் எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள்.

பியானோவா, கீபோர்டா?

இதைத் தீர்மானிக்காமலே கடைக்குப் போவது பெரிய தவறு. 61 கீ உள்ள சாதாரண கீபோர்டில் கீக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கும். தொட்டால் லேசாக இறங்கிவிடும். டிஜிட்டல் பியானோவில் 88 கீ. ஒவ்வொன்றோடும் சுத்தியல் போல ஓர் எடை சேர்ந்து அசையும். நல்ல மாடல்களில் இடதுபக்கக் கீகள் கனமாகவும் வலதுபக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும், நிஜப் பியானோவைப் போலவே. வகுப்புக்குப் போய் முறையாகக் கற்கப் போகிறீர்கள், அல்லது பிள்ளை பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வு வாரியத்தின் கிரேடு தேர்வு எழுதப் போகிறது என்றால் இந்த எடையுள்ள கீ கட்டாயம் வேண்டும். ஸ்பிரிங் கீயில் ஒன்றிரண்டு வருடம் பழகிய விரல், வகுப்பில் உள்ள நிஜப் பியானோவில் உட்கார்ந்தால் திணறும். மெல்லிசாகவும் அழுத்தமாகவும் வாசிக்கும் பழக்கம் விரலுக்கு வந்தே இருக்காது.

மறுபக்கமும் உண்டு. உங்கள் ஆசையெல்லாம் சினிமாப் பாட்டு, கோயில் பஜனை, கூடவே தபேலா தாளம் ஓட வேண்டும் என்றால் டிஜிட்டல் பியானோ ஏமாற்றம் தரும். ஆரம்ப விலை மாடல்கள் பலவற்றில் தாளங்கள் இருப்பதில்லை, சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரமும் இருப்பதில்லை. கமகம் வேண்டும் என்பவருக்கு அந்தச் சக்கரம் இல்லாமல் கை ஓடாது. அவர்களுக்கு யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 போல இந்திய ஒலிகளும் தாளங்களும் உள்ள கீபோர்டுதான் சரி. அதில் குறைவு ஒன்றும் இல்லை. வீட்டில் யார், எதை வாசிக்கப் போகிறார்கள் என்று குடும்பத்தோடு பேசி முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடையில் எதைச் சோதிக்க வேண்டும்

கருவியை ஆஃப் செய்துவிட்டு வாசித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. ஒலி இல்லாதபோதுதான் கீயின் குணம் தெரியும். இறங்கும்போது டக் டக்கென்று அடிக்கிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா, விரலை எடுத்தால் உடனே மேலே வருகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து ஆன் செய்து ஒரே கீயை மிக மெதுவாக, பிறகு நடுத்தரமாக, பிறகு பலமாக அழுத்துங்கள். மூன்றுக்கும் ஒலி தெளிவாக மாற வேண்டும். சத்தத்தின் அளவில் மட்டும் இல்லாமல், ஒலியின் நிறத்திலும் மாற்றம் தெரிய வேண்டும்.

பலரும் பார்க்கத் தவறுவது ஒன்று உண்டு. கீயின் நுனியில் அழுத்தினால் எல்லா மாடலும் சுகமாகத்தான் இருக்கும். கறுப்புக் கீகளுக்கு நடுவே, கீயின் உள்பக்கம் விரலைக் கொண்டுபோய் வெள்ளைக் கீயை அழுத்திப் பாருங்கள். சிறிய, மெல்லிய மாடல்களில் கீ தாங்கி நிற்கும் அச்சு முன்னாலேயே இருப்பதால் உள்பக்கம் கல் போலக் கெட்டியாக இருக்கும். ஷார்ப், ஃபிளாட் நிறைய வரும் பாட்டுகளில் கை உள்ளேதான் போகும். அப்போதுதான் அந்தக் கஷ்டம் தெரியும்.

பாலிஃபோனி என்ற எண்ணைக் கடைக்காரர் சொல்வார். ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைக் கருவி தாங்கிப் பிடிக்கும் என்பது அது. யமஹா பி-45 மாடலில் 64, ரோலண்ட் எஃப்பி-30எக்ஸில் 256. ஒலியை நீட்டிக்கும் கால் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிறைய சுரம் வாசிக்கும்போது எண் குறைவாக இருந்தால் பழைய ஒலிகள் அறுந்துபோகும். தொடக்கத்தில் 64-ஐ வைத்து ஓட்டலாம், 128 இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் உள்ள எண்ணுக்காகக் கூடுதலாகச் செலவு செய்வதைவிட, அந்தப் பணத்தை நல்ல கீயில் போடுங்கள்.

கூட வரும் சின்னப் பிளாஸ்டிக் பெடல் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். அழுத்தினால் ஆன், விட்டால் ஆஃப் என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. பாதி அழுத்தத்தையும் உணரும், கனமான பெடலைப் பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். உங்கள் மாடல் அதை ஏற்குமா என்றும் கேளுங்கள். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு பலமாக வாசித்தால் ஆடும். கீயின் மேல்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 72, 73 சென்டிமீட்டரில் இருந்து, உட்கார்ந்தால் முழங்கை அந்த உயரத்துக்கு வர வேண்டும். சாப்பாட்டு நாற்காலியில் அது அநேகமாக அமையாது.

பழையது வாங்கும்போது

முடா, கரோசல் தளங்களில் பழைய டிஜிட்டல் பியானோக்கள் நிறைய வரும். சிலவற்றில் நல்ல பேரம் அமையும். ஆனால் ஜப்பானிலிருந்து இறக்கப்பட்ட பழைய கருவிகளும் விற்பனைக்கு வருகின்றன. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் 230, 240 வோல்ட். மூன்று முள் பிளக்கை மாட்டிக் கொடுத்துவிட்டால் வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நேராகச் செருகினால் பவர் சப்ளை புகைந்துவிடும். அதனால் போய்ப் பார்ப்பதற்கு முன்பே, பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. அடாப்டர் தொலைந்த கருவி என்றால், அளவில் பொருந்தும் ஏதோ ஒரு அடாப்டரைச் செருகுவதும் ஆபத்து. வோல்ட், ஆம்பியர், பிளஸ் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற மூன்றும் பொருந்த வேண்டும்.

நேரில் போனால் 88 கீயையும் ஒன்றுவிடாமல், ஒரே பலத்தில், மெதுவாக அழுத்துங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். கீக்கு அடியில் ரப்பர் தொடுபரப்பு இருக்கும். அதில் தூசியோ ஈரமோ படிந்தால் சில கீகள் ஊமையாகிவிடும், சில கீகள் மெதுவாக அழுத்தினாலும் திடீரென்று முழுச் சத்தத்தில் அலறும். ஒன்றிரண்டு கீ அப்படி இருந்தால் திறந்து சுத்தம் செய்து சரிபண்ணலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். நடுப்பகுதிக் கீகளில் வரிசையாக டக் டக் சத்தம் வந்தால் உள்ளே மெத்தைபோல இருக்கும் ஃபெல்ட் துணி நசுங்கித் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹெட்போன் துளையையும் செருகிப் பாருங்கள், ஒரு காது மட்டும் கேட்கும் கருவிகள் உண்டு.

நம் வீட்டுக்கு ஏற்றபடி

கொண்டோவில் ஹெட்போன் போட்டுவிட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நினைப்பது தவறு. ஒலி வெளியே போகாது, சரி. ஆனால் கீ அடித்தளத்தில் மோதும் அதிர்வு ஸ்டாண்டு வழியாகத் தரைக்குப் போய், கீழ் வீட்டில் தொம் தொம் என்று கேட்கும். இரவு பதினொரு மணிக்கு அது நன்றாகவே கேட்கும். ஸ்டாண்டுக்குக் கீழே கனமான ரப்பர் விரிப்பு போட்டு, சுவரைத் தொடாமல் தள்ளி வையுங்கள். வாங்கின முதல் வாரத்திலேயே கீழ் வீட்டு அக்காவிடம் போய், "கேட்குதா?" என்று கேட்டு வருவது எல்லாவற்றையும்விட நல்லது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னல் மிக அதிகம்; ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. திடீரென்று எகிறும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஓரளவு உதவும், பிளக்கைப் பிடுங்குவதற்கு அது ஈடாகாது.

ஏர்கானுக்கு நேர் கீழே வைக்காதீர்கள், என்றாவது ஒழுகும். எறும்பும் பல்லியும் கதகதப்பான மின்கருவிக்குள் குடியேறுவது நம் ஊரில் சகஜம், வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடுங்கள். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதே என்று பியானோவை அங்கே வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாம்பிராணிப் புகையும் விளக்கின் எண்ணெய்க் கரியும் கீ இடுக்குகளில் படியும். பினாங்கில் பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் உப்புக்காற்று அடிக்கும் ஜன்னலோரத்தையும் தவிர்க்க வேண்டும்.

ஹெட்போனில் ஒரு முக்கியமான விஷயம்: புளூடூத் ஹெட்போன் வேண்டாம். கீயை அழுத்திய கணத்துக்கும் காதில் கேட்கும் கணத்துக்கும் நடுவே ஒரு தாமதம் வரும்; பாட்டு கேட்கும்போது அது தெரியாது, வாசிக்கும்போது தாளத்தையே குலைத்துவிடும். பெட்டியில் புளூடூத் என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஃபோனிலிருந்து பாட்டைப் பியானோ ஸ்பீக்கரில் கேட்பதற்கோ, ஆப்போடு இணைப்பதற்கோதான். வயர் உள்ள ஹெட்போனும், தேவையானால் 6.3 மில்லிமீட்டர் துளைக்குப் பொருந்தும் மாற்றுப் பின்னும் வாங்குங்கள். சத்தத்தையும் பாருங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும்.

அதற்காகச் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்து வாசிப்பதும் தவறுதான். கேட்கவில்லையே என்று விரல் தானாக ஓங்கி அடிக்கும், கொஞ்ச நாளில் மணிக்கட்டு வலிக்கும். பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் கேட்கும் அளவுக்கு வையுங்கள். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப்பைக் கூட்டி வைத்துப் பழகாதீர்கள். மண்டபத்தில் வாசிப்பது போல இனிமையாக இருக்கும், ஆனால் அரைகுறையாக அழுத்திய சுரமெல்லாம் அதில் மறைந்துவிடும்.

பெடலை அழுத்தினால் ஒலி அறுந்து, விட்டால் நீள்கிறதா? பழுது என்று கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். ஆன் செய்யும்போது பெடல் மேல் கால் இருந்தால் பல கருவிகள் அதையே சாதாரண நிலை என்று எடுத்துக்கொள்ளும். அணைத்து, காலை எடுத்துவிட்டு, மறுபடி ஆன் செய்தால் போதும்.

டிரான்ஸ்போஸ் பட்டன்

நம்மவர்கள் அதிகமாகச் சிக்கிக்கொள்வது இதில்தான். பாடுபவருக்கு 5 கட்டை சுருதி வேண்டும், நமக்குத் தெரிந்தது சி ஸ்கேல் மட்டும். டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கி, சி-யில் வாசிப்பதையே ஜி-யாக ஒலிக்க வைத்துவிடுகிறோம். பஜனையில் அவசரத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. அதையே வழக்கமாக்கினால் விரலுக்கு ஒரே ஒரு ஸ்கேல்தான் தெரியும்; காது ஒன்றைக் கேட்கும், கண் வேறொன்றைப் பார்க்கும். அந்தப் பட்டன் இல்லாத பியானோவில் உட்காரவைத்தால் கை நின்றுவிடும். பட்டனைத் திருப்பி வைக்க மறந்துபோய், மறுநாள் நோட்டேஷனைப் பார்த்து வாசித்தால் சுருதி சேரவில்லை என்று குழம்புவதும் நடக்கும்.

கட்டைக் கணக்கு எளிதுதான். 1 கட்டை என்றால் சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டை சேர்ந்தால் அதற்கு அடுத்த கறுப்புக் கீ. ஒன்றரைக் கட்டை சி ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப். பாடும் ஆண்களுக்கு அநேகமாக 1, ஒன்றரைக் கட்டையும் பெண்களுக்கு 5, ஐந்தரைக் கட்டையும் பொருந்துவதால், ஏழெட்டு ஸ்கேலைக் கண்டு மிரள வேண்டியதில்லை. வீட்டில் பாடுபவரின் கட்டை எதுவோ அந்த ஒன்றை மட்டும் டிரான்ஸ்போஸ் இல்லாமல் பழகுங்கள். 5 கட்டை சங்கராபரணம் என்றால் ஜி மேஜர். அதில் வரும் கறுப்புக் கீ ஒன்றே ஒன்று, நிஷாதத்துக்கு எஃப் ஷார்ப். தெரிந்த பாட்டு ஒன்றை எடுத்து, அந்தக் கீயை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, வலது கையில் மெதுவாகத் தொடங்கலாம்.