கப்பிக் கணக்கில் இழுவிசை: தொங்கும் எடையை அப்படியே போடாதீர்கள்

வழவழப்பான மேசையில் 3 கிலோ கட்டை. அதில் கட்டிய நூல், மேசை விளிம்பிலுள்ள கப்பி வழியாக 2 கிலோ எடைக்கல்லைத் தாங்குகிறது. இழுவிசை (நூல் இழுக்கும் விசை) 2 × 10 = 20 நியூட்டன் என்று எழுதினால் மதிப்பெண் போச்சு! கல் அசையாமல் தொங்கினால்தான் அது 20 (புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொண்டால்).

முதலில் இரண்டையும் ஒரே பொருளாக எடுங்கள்: முடுக்கம் 20 ÷ 5 = 4 மீ/வி². பிறகு கட்டையை மட்டும் தனியே வரையுங்கள்; அதை இழுப்பது நூல் மட்டுமே, ஆக இழுவிசை 3 × 4 = 12 நியூட்டன். கல்லை வைத்துச் சரிபாருங்கள்: 20 − 12 = 8, அதாவது 2 × 4. பொருந்தவில்லையா? பெரும்பாலும் குறியில்தான் கோளாறு. கட்டை கப்பியை நோக்கி நகர்வது நேர்குறி என்றால், கல்லுக்குக் கீழ்நோக்கிய திசை நேர்குறி.

6 நியூட்டன் உராய்வு இருந்தால் முடுக்கம் 2.8 ஆகக் குறையும், இழுவிசையோ 14.4 ஆகக் கூடும். கப்பிக்கும் நிறை உண்டென்றால் இருபக்க இழுவிசையும் வேறுவேறு, இந்த வழி செல்லாது.