நாஸ்டிக் நூல்கள் படிக்கிறப்போ நாம பண்ணக்கூடாத தப்புகள்

"மரத்தைப் பிளந்து பார், அங்கே நான் இருக்கிறேன், கல்லைத் தூக்கு, அங்கே என்னைக் காண்பாய்" - இந்த வரியை ஒரு படத்து மேல எழுதி, சபை ஒளிச்சு வச்ச இயேசுவோட ரகசிய வார்த்தைன்னு போட்டு வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எனக்கு வந்துரும். வந்த உடனே குரூப் ரெண்டா பிரியும். ஒரு பக்கம் அப்போ நம்ம கையில இருக்கிற பைபிள் அரைகுறையான்னு கேப்பாங்க, இன்னொரு பக்கம் இது பிசாசோட உபதேசம் உடனே டெலீட் பண்ணுங்கன்னு கத்துவாங்க, ரெண்டு பக்கமும் அந்த நூலைத் திறந்து பாத்திருக்க மாட்டாங்க. அந்த வரி வர்ற தோமா நற்செய்தி மொத்தமே 114 வாசகம்தான், ஒரு மணி நேரத்துல முடிச்சிரலாம்.

எனக்கு நாஸ்டிக்னு சொல்ற, பைபிள்ல சேராத இந்த மாதிரி பழைய நூல்கள் மேல பிரியம் உண்டு. அதுல இருக்கிறதை எல்லாம் நம்புறேன்னு அர்த்தம் இல்ல, ஆனா ரெண்டாம் நூற்றாண்டுல யோவானையும் பவுலையும் ஆதியாகமத்தையும் வச்சுக்கிட்டு உலகத்துல ஏன் இவ்ளோ துன்பம்னு மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்ட மனுஷங்க எழுதினது இது, அதைப் போய் ஒரு வரி போஸ்டரா ஆக்குறது மனசுக்கு கஷ்டமா இருக்கு. நானும் ஆரம்பத்துல பல தப்பு பண்ணிட்டுதான் படிச்சேன், அதனால எங்கெங்க வழுக்கும்னு சொல்றேன்.

முதல்ல அந்த பேரே நம்ம ஊர்ல குழப்பம். நாஸ்டிக்னு சொன்னா நாஸ்திகர்னு காதுல விழுது, ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. க்நோசிஸ்னா கிரேக்கத்துல அறிவு, நம்ம "ஞானம்"ங்கிற சொல்லுக்கு மூலமான ஜ்ஞா-ங்கிற வடமொழி வேரும் இதுவும் ஒரே பழைய குடும்பம், அதனால ஞானம்னு மொழிபெயர்க்கத் தோணும். அங்கதான் அடுத்த வழுக்கல். சோபியாங்கிற கிரேக்க சொல்லுக்கும் தமிழ்ல ஞானம்தான். 1 கொரிந்தியர் 12:8ல பழைய தமிழ் பைபிள் "ஞானத்தைப் போதிக்கும் வசனம்", "அறிவை உணர்த்தும் வசனம்"னு பிரிச்சு போடுது, முன்னது சோபியா, பின்னது க்நோசிஸ். ஆனா அதே க்நோசிஸ் 1 தீமோத்தேயு 6:20ல "ஞானமென்று பொய்யாய்ப் பேர்பெற்றிருக்கிற கொள்கை"ன்னு ஞானமா மாறிடுது. சும்மா சொல் விளையாட்டு இல்ல இது, ஏன்னா நாஸ்டிக் கதையில சோபியாங்கிறது ஒரு கதாபாத்திரம், அவ தவறி விழுறதுலதான் பிரச்சனையே ஆரம்பிக்குது, அந்த விழுந்த நிலையில இருந்து மீட்குறது க்நோசிஸ். ரெண்டையும் ஞானம்னே எழுதினா ஞானம் தவறிடுச்சு, ஞானம் வந்து காப்பாத்துச்சுன்னு ஆகி கதை தலைகீழா கவுந்துரும். அதனால நான் சோபியாவை சோபியான்னே விட்டுட்டு க்நோசிஸுக்கு "அறிதல்"னு போட்டுக்கிறேன்.

ஞானம்ங்கிற வார்த்தையைப் பாத்த உடனே இது நம்ம அத்வைதம்தான், சைவ சித்தாந்தம்தான், இயேசு சொன்னதும் நம்ம ரிஷிகள் சொன்னதும் ஒண்ணுதான்னு கிளம்புறவங்களும் நிறைய. கொஞ்சம் நிதானம். யோவானின் ரகசிய நூல்னு ஒரு நாஸ்டிக் நூல் இருக்கு, அதுல யால்டபவோத்னு ஒருத்தன் தனக்கு மேல இருக்கிறது எதுவும் தெரியாமலே இந்த உலகத்தைப் படைச்சிட்டு "நான் எரிச்சலுள்ள தேவன், என்னைத் தவிர வேறே தேவன் இல்லை"ன்னு அறிவிக்கிறான் (எரிச்சல்னா இங்க பொறாமை). உடனே நூல் என்ன சொல்லுது தெரியுமா, வேற ஒருத்தர் இல்லைன்னா இவன் யாரைப் பாத்து எரிச்சல் படுவான், இதைச் சொன்னதாலயே வேற ஒரு தேவன் உண்டுன்னு அவன் தன் தூதர்களுக்கே காட்டிக்கொடுத்துட்டான்னு சொல்லுது. தேவன் தன்னை எரிச்சலுள்ளவர்னு சொல்ற யாத்திராகமம் 20ஐ வரிக்கு வரி வாசிச்சவனுக்குத்தான் இந்த கேள்வியே வரும். சைவ சித்தாந்தத்துல உடம்பும் உலகமும் உயிர் பக்குவப்படணும்னு இறைவன் அருளால கொடுத்தது, இங்கயோ அறியாமையில செஞ்சது, ரெண்டும் நேர் எதிர் திசை. ஒப்பிட்டுப் பாக்கலாம், தப்பில்ல, ஆனா ஒண்ணுன்னு சொல்லிட்டா ரெண்டுமே புரியாது.

அடுத்தது, நாஸ்டிக்னு ஒரே ஒரு மதம், ஒரே ஒரு சபை இருந்த மாதிரி பேசுறது. நாஸ்டிசிசம்ங்கிற சொல்லே 1669ல ஹென்றி மோர்னு ஒரு இங்கிலாந்துக்காரர் உண்டாக்கினது. அலெக்சாண்ட்ரியாவுல இருந்து ரோமுக்கு வந்து போதிச்ச வாலண்டினஸ் ஒரு வழி, பசிலிடஸ் இன்னொரு வழி, ஆதாமோட மகன் சேத்தை மூதாதையா பாத்தவங்க வேற வழி. 144ல ரோம் சபையை விட்டு வெளிய போன மார்சியனையும் இதே கூட்டத்துல சேத்துடுவாங்க, அவர் ரெண்டு தேவன் சொன்னது வாஸ்தவம்தான், ஆனா அவர்கிட்ட சோபியா கதையும் இல்ல, ரகசிய அறிதலும் இல்ல, லூக்காவை வெட்டி பவுலோட பத்து கடிதத்தோட சேத்து வச்சுக்கிட்டார், அவ்ளோதான்.

1945ல எகிப்துல நாக் ஹம்மாடிகிட்ட கிடைச்ச 13 கட்டு நூலும் அப்படித்தான், எல்லாமே நாஸ்டிக்னு நினைக்கிறாங்க. அதுல பிளேட்டோவோட குடியரசுல இருந்து ஒரு துண்டு இருக்கு, ஹெர்மஸ் பேர்ல உள்ள எகிப்து-கிரேக்க நூல்கள் இருக்கு, செக்ஸ்டஸோட நீதிமொழிகள் இருக்கு. எழுதியிருக்கிறது காப்டிக்ங்கிற பழைய எகிப்து மொழியில, ஆனா மூலம் கிரேக்கம். ஒரு கட்டோட அட்டையை கெட்டியாக்க உள்ள ஒட்டியிருந்த கழிவு பாப்பிரஸ்ல (நாணல் காகிதம்) 341, 346, 348ன்னு தேதி இருக்கு, அதாவது இந்த பிரதிகள் நாலாம் நூற்றாண்டு. இயேசு பேசப்பேச பக்கத்துல உக்காந்து எழுதின மாதிரி சொல்றது எவ்ளோ தப்புன்னு இதுலயே தெரியும். அதே சமயம் லேட்டா வந்தது அதனால குப்பைன்னும் சொல்ல முடியாது, இந்த பிரதிகளை விட பழசான தோமாவோட கிரேக்க துண்டுகள் எகிப்துல ஆக்ஸிரிங்கஸ்ங்கிற பழைய ஊரோட குப்பைமேட்டுல அதுக்கு முன்னாடியே, 1897லயே கிடைக்க ஆரம்பிச்சாச்சு. அந்த கல்லு மரம் வரி காப்டிக்ல 77வது வாசகத்துல வருது, கிரேக்க துண்டுலயோ 30வது வாசகத்தோட ஒட்டி வருது, தனியா இருக்கிற ஒருத்தனோட நான் இருப்பேன்னு சொல்ற இடத்துல. இடம் மாறினா அர்த்தமும் மாறும் இல்லையா. ஒரு இடத்துல எல்லாத்துலயும் நிறைஞ்ச ஒளி பேசுது, இன்னொரு இடத்துல தனியா கல்லும் மரமும் தூக்கி வேலை செய்யுறவனுக்கு துணையா ஒருத்தர் பேசுற மாதிரி கேக்குது. போஸ்டர்ல இது எதுவும் வராது.

மெட்ராஸ் பக்கம் இருக்கிறவங்களுக்கு தனியா ஒண்ணு. சாந்தோம், பரங்கிமலைன்னு தோமா பேரோட வளந்ததால தோமா நற்செய்தின்னா நம்ம ஊருக்கு வந்த அப்போஸ்தலர் எழுதினதுன்னு எடுத்துக்கிறோம். அவர் கையால எழுதினார்னு ஆய்வாளர்கள் பொதுவா ஏத்துக்கிறதில்ல, அந்த நூல்ல இந்தியா பத்தி ஒரு சொல்லு கிடையாது. இந்தியா வர்றது தோமா நடபடிகள்னு வேற நூல்ல, மூணாம் நூற்றாண்டு சிரியா பக்கத்து நூல். சின்ன வயசு இயேசு களிமண்ல குருவி செஞ்சு பறக்க விடுற கதை மூணாவது ஒரு நூல்ல, அதுக்கும் தோமா பேர்தான். இந்த மூணையும் கலக்கி ஒரே நூலா பேசின பிரசங்கம் ஒண்ணை நானே உக்காந்து கேட்டிருக்கேன்.

இப்போ ஓட்டை விஷயம். நாக் ஹம்மாடியில கிடைச்ச பிலிப்பு நற்செய்தியில மகதலேனா மரியாளை இயேசு உதட்டுல முத்தமிட்டார்னு எழுதியிருக்குன்னு சொல்லுவாங்க. அந்த பக்கத்தோட போட்டோவைப் பாருங்க, பாப்பிரஸ் அரிச்சுப்போய் ஓட்டையா இருக்கு. மிச்சம் இருக்கிறது "மற்ற சீஷர்களை விட... அவளை... முத்தமிட்டார்... அவள்..." இவ்ளோதான். எங்கன்னு சொல்ற சொல்லு அந்த ஓட்டைக்குள்ள போயிருச்சு, உதடுன்னு போடுறது பதிப்பிச்சவங்களோட ஊகம், நெத்தியாவும் இருக்கலாம் கன்னமாவும் இருக்கலாம். சரி உதடுன்னே வச்சுக்குவோம், அப்பவும் அது கல்யாணக் கதை ஆகாது, ஏன்னா அதே நூல் சில பக்கம் முன்னாடி, பூரணமானவங்க முத்தத்தால கருத்தரிச்சு பெத்தெடுக்கிறாங்க, அதனாலதான் நாமளும் ஒருத்தரை ஒருத்தர் முத்தமிடுறோம், ஒருத்தர்கிட்ட இருக்கிற கிருபையால இன்னொருத்தர் கருத்தரிக்கிறோம்னு சொல்லிட்டுதான் வருது. பவுலோட "பரிசுத்த முத்தம்" ஞாபகம் வரலயா? சபையில கொடுத்துக்கிட்ட முத்தத்தை ஆவிக்குரிய பிறப்பா வாசிக்கிறாங்க. ஓட்டையை நம்ம ஆசையை வச்சு அடைச்சிட்டு இதுதான் வரலாறுன்னு சொல்றதை தயவு செஞ்சு விட்டுருங்க.

பெண்களுக்கு நாஸ்டிக்குகள் சமத்துவம் கொடுத்தாங்க, சபை பறிச்சிருச்சுன்னு சொல்றவங்களும் தோமா நற்செய்தியோட 114வது வாசகத்தைப் படிக்கணும். மரியாள் நம்மை விட்டுப் போகட்டும்னு பேதுரு சொல்றார், இயேசு அவளை நான் ஆணாக்குவேன்னு பதில் சொல்றார். மரியாள் நற்செய்தியில அவதான் சீஷர்களுக்கே போதிக்கிறா, அதுவும் உண்மைதான். ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்துட்டு பேசுங்க.

பிஷப்புகள் கூடின நைசியா சங்கத்துல 325ல ஓட்டு போட்டு இந்த நூல்களை வெளிய தள்ளினாங்கன்னு ஒரு கதை. நைசியாவுல பேசினது அரியுஸ் பிரச்சனை (இயேசு பிதாவுக்குச் சமமாங்கிற தகராறு), பாஸ்கா அதாவது ஈஸ்டர் தேதி, இந்த மாதிரி. நூல் பட்டியல் போடல. புதிய ஏற்பாட்டுல இப்போ இருக்கிற 27 நூலும் அப்படியே வர்ற பட்டியல் 367ல அலெக்சாண்ட்ரியா பிஷப் அத்தனாசியஸ் எழுதின பண்டிகைக் கடிதத்துல. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 180 வாக்குல, லியோன் பிஷப் இரேனியுஸ் நாலு நற்செய்திதான், திசைக்காற்று நாலு மாதிரின்னு எழுதிட்டார்.

இரேனியுஸ் விஷயத்துலயும் ரெண்டு பக்கமும் சறுக்குறோம். அவர் சொன்னதையே நாஸ்டிக்குகள் சொன்னதா எடுத்துக்கிறது ஒண்ணு, அவர் எல்லாமே பொய் சொன்னார்னு தள்ளுறது இன்னொண்ணு. எதிராளியா எழுதினார்தான், ஒழுக்கம் கெட்டவங்கன்னு குத்தம் சாட்டினார், ஆனா நாக் ஹம்மாடி நூல்கள்ல பெரும்பாலும் தெரியுறது உடம்பை அடக்குற கடுமையான துறவு. இருந்தாலும் யோவானின் ரகசிய நூல்ல வர்ற கதையை அவர் சுருக்கினது கிட்டத்தட்ட சரியாவே இருக்கு. அவர் கொடுத்த ஒரு உவமை எனக்கு ரொம்ப பிடிக்கும், ராஜாவோட உருவத்தை மணிக்கற்கள்ல அழகா பதிச்சிருக்கு, ஒருத்தன் அதே கற்களை எடுத்து மாத்தி அடுக்கி நரி உருவமா ஆக்கிட்டு இதுதான் ராஜான்னு சொல்றான்னு. கற்கள் அதேதான்னு அவரே ஒத்துக்கிறார் பாருங்க, வசனங்களை அவங்க வெளியில இருந்து கொண்டுவரல, ஒரே வேதத்தை வேற மாதிரி அடுக்கினாங்க.

அதை நேர்ல பாக்கணும்னா ஹெராக்ளியோன். யோவான் நற்செய்திக்கு நமக்குத் தெரிஞ்சு முதல்ல விளக்கவுரை எழுதினது இவர்தான், வாலண்டினஸ் வழி. நாலாம் அதிகாரத்துல கிணத்தடியில சமாரியப் பெண்கிட்ட இயேசு "உன் புருஷனை அழைத்துக்கொண்டு வா"ங்கிறார். ஹெராக்ளியோன் நின்னு யோசிக்கிறார், அவளுக்கு சட்டப்படி புருஷன் இல்லைன்னு தெரிஞ்சே கேக்குறார்னா அது உலகத்து புருஷனா இருக்க முடியாது, மேல பூரண நிலையில அவளுக்குன்னு இருக்கிற துணையைத்தான் அழைக்கச் சொல்றார்ங்கிறார். யாக்கோபின் கிணத்துத் தண்ணி தீர்ந்துபோற பழைய வாழ்க்கை. அவர் வச்சிருந்த பிரதியில ஐந்து புருஷர் இல்ல, ஆறு, அந்த ஆறை அவர் பொருள் உலகத்தோட தீமைன்னு வாசிக்கிறார். அந்த பெண்ணை அவர் கேவலமா பேசல, அவளோட விசுவாசத்தைப் புகழுறார், தன் இயல்புக்கு ஏத்த மாதிரி தயங்காம பதில் சொன்னாள்ங்கிறார். இதெல்லாம் நமக்கு எப்படி கிடைச்சதுன்னா ஓரிஜன்ங்கிற மூணாம் நூற்றாண்டு சபை அறிஞர் அவரை மறுக்கிறதுக்காக வரி வரியா எடுத்து எழுதி வச்சதால. யோவான் நாலைத் திறந்து வச்சுக்கிட்டு இதைப் படிங்க, ஏத்துக்கிறீங்களோ இல்லையோ அந்த வசனத்தை மறுபடி பழைய மாதிரி வேகமா தாண்டிப் போக முடியாது.

கடைசியா, படைச்சவன்னா நாஸ்டிக்குகளுக்கு சாத்தான்தான்னு ஒரு வரியில முடிச்சிராதீங்க, சிலுவையை எல்லாரும் மறுத்தாங்கன்னும் சொல்லாதீங்க. பாடுபட்டது இயேசு இல்ல, அவர் சிரிச்சுக்கிட்டே நின்னார், சிரேனே ஊர் சீமோன் சிலுவையை சுமந்தார்னு சொல்ற நூல் உண்டு, ஆனா இன்னொரு நாஸ்டிக் நூலான சத்தியத்தின் நற்செய்தி அவர் மரத்துல அறையப்பட்டார்னு உருக்கமா சொல்லுது. படைச்சவன் விஷயத்துக்கு வாலண்டினஸ் வழியில வந்த தாலமி ப்ளோராங்கிற பெண்ணுக்கு எழுதின கடிதம் போதும், சின்னதுதான், எபிபானியஸ்ங்கிற நாலாம் நூற்றாண்டு பிஷப் தன் நூல்ல முழுசா எடுத்துப்போட்டதால தப்பிச்சது. மோசேயோட சட்டம் மூணு இடத்துல இருந்து வந்ததுன்னு பிரிக்கிறார், ஒண்ணு தேவன்கிட்ட இருந்து, ஒண்ணு மோசே தானா சேத்தது, ஒண்ணு மூப்பர்கள் நுழைச்சது. ஆதாரம் எல்லாம் இயேசுவோட வார்த்தைதான், உங்க இருதய கடினத்தினிமித்தம் மோசே தள்ளுதற்சீட்டு (விவாகரத்து) அனுமதிச்சார்னு மத்தேயு 19ல சொல்றதை எடுத்து இது மோசே சேத்ததுன்னு காட்டுறார். அந்த சட்டத்தைக் கொடுத்த தேவன், அதாவது உலகத்தைப் படைச்சவர், பூரணமான பிதாவும் இல்ல, பிசாசும் இல்ல, நடுவுல நிக்கிற நீதியுள்ள ஒருத்தர்ங்கிறார். அப்புறம் என் சகோதரியே கலங்காதே, தேவனுக்குச் சித்தமானா இந்த நடுவுல நிக்கிறவரும் பிசாசும் எப்படி உண்டானாங்கன்னு அடுத்து நீ கத்துக்குவேன்னு சொல்லி முடிக்கிறார். அந்த அடுத்த பாடம் நம்ம கைக்கு வந்து சேரல.