தோல், மூட்டு, அலர்ஜி: நோயாளி சொல்வதிலிருந்து நோயைப் பிடிப்பது எப்படி?

பர்மாவில் (மியான்மரில்) யாங்கோனானாலும் பெகுவானாலும் மோல்மேனானாலும், உடம்பில் அரிப்போ தடிப்போ வந்தால் நம் ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: "அலர்ஜிங்க டாக்டர்." சிரங்கும் அலர்ஜி, படர்தாமரையும் அலர்ஜி, முகத்தில் வரும் லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) தடிப்பும் அலர்ஜி. அதை அப்படியே சீட்டில் எழுதி செட்ரிசின் என்னும் அரிப்பு மாத்திரை கொடுத்து அனுப்பினால் சிலருடைய சிறுநீரகம் போய்விடும், சிலருடைய விரல்கள் கோணிவிடும்.

கடைசி வருட மருத்துவ மாணவர்களுக்கும், புதிதாகக் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பது உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் வற்புறுத்துவது ஒன்று: எவ்வளவு நேரமாக, உடம்பில் எந்த இடத்தில், தொட்டால் எப்படி இருக்கிறது என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் ரத்தப் பரிசோதனை எழுதாதீர்கள்.

படி 1: உடனே சிகிச்சை வேண்டியவரா?

தடிப்போடு மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, மயங்கி விழுந்தாலோ அனஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான கடும் அலர்ஜி) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அட்ரினலின் 1:1000, பெரியவருக்கு 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 0.01 மி.கி., 0.5 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. அரிப்பு ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் இதற்கு மாற்று அல்ல.

இன்னொரு அவசரம், மருந்தால் வரும் தோல் உரிவு. காய்ச்சல், தோல் எரிச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு நான்கும் சேர்ந்து வந்தால் சந்தேக மருந்தை அந்த நிமிடமே நிறுத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்னும் அந்தத் தோல் உரிவு பெரும்பாலும் மருந்து தொடங்கி 4 நாளிலிருந்து 28 நாளுக்குள் வரும். ட்ரெஸ் என்னும், உள்ளுறுப்புகளையும் தாக்கும் மருந்து அலர்ஜி வகை 2 முதல் 8 வாரம் கழித்து வரும். அதனால் "நேத்து என்ன மருந்து சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் போதாது. இரண்டு மாதக் கதையைக் கேளுங்கள்.

படி 2: கடிகாரத்தைக் கேளுங்கள்

காணாக்கடித் தடிப்பு (திடீரென்று எழும்பும் அரிப்புத் தடிப்பு) ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்குள் அடையாளம் இல்லாமல் மறையும். வேறு இடத்தில் புதிது வரும். நோயாளியோ "மூணு நாளா இருக்கு" என்பார். அவர் சொல்வது நோயின் வயது, நமக்கு வேண்டியது ஒரு தடிப்பின் வயது. பால்பாயிண்ட் பேனாவால் ஒரு தடிப்பைச் சுற்றி வட்டம் போட்டு மறுநாள் வரச் சொல்லுங்கள். அதே இடத்தில் அப்படியே இருந்து, அரிப்பைவிட எரிச்சல் அதிகமாகி, மறையும்போது கன்றிய நிறத்தை விட்டுச்சென்றால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். இந்தத் துறையில் பேனாவைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதம் வழியாக வரும் உணவு அலர்ஜி சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஏதாவது ஒரு பொருள் தோலில் பட்டதால் வரும் கரப்பான் 1 முதல் 3 நாள் கழித்து வரும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குச் சாயம் போட்டவருக்குச் செவ்வாய்க்கிழமை கண் இமை வீங்கும். திங்கட்கிழமை தின்ற மொகிங்காவின் (மீன் குழம்பு நூடுல்ஸின்) மேல் பழி விழும்.

பட்டதால் வரும் கரப்பானை அதன் வடிவமே காட்டிக்கொடுக்கும். செருப்பு வார் போன வழியே கோடு, அரைஞாண் கொக்கி பட்ட இடத்தில் வட்டம், பொட்டு வைத்த இடத்தில் அரிப்பு. ஸ்டிக்கர் பொட்டின் பசை சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டையே உண்டாக்கும்.

ராத்திரி அரிப்பு, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், வீட்டில் இன்னொருவருக்கும் அதே அரிப்பு என்றால் சிரங்கு. மருந்து வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் போக வேண்டும்.

படி 3: மாநிறத் தோலில் சிவப்பைப் பார்ப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அங்கே செக்கச்செவேல் என்று தெரிவது நம் தோலில் கத்தரிப்பூ நிறமாகவும் கரும்பழுப்பாகவும், சிலரிடம் சாம்பல் பூத்ததுபோலவும் தெரியும். சிவப்பைத் தேடினால் கிடைக்காது.

ட்யூப்லைட்டுக்குக் கீழே பார்க்காதீர்கள், ஜன்னலோரம் உட்கார வையுங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் மேடு தெரியும். அதே ஆளின் மறு பக்கத்தோடு ஒப்பிடுங்கள். புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள். ஒரு கண்ணாடித் துண்டால் அழுத்திப் பாருங்கள். நிறம் மறையாவிட்டால் ரத்தம் தோலுக்குள் கசிந்திருக்கிறது. கெண்டைக்காலில் அப்படித் தடவினால் நெருடும் புள்ளிகள் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம்.

பர்மாவில் இதற்கு மேல் தனக்கா என்னும் மரப்பட்டை முகப்பூச்சு வேறு. லூபஸ் தடிப்பு உட்காரும் கன்னமும் மூக்குத்தண்டும்தான் தனக்கா பூசும் இடம். "அம்மா, கொஞ்சம் முகத்தைக் கழுவிட்டு வர்றீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். பூச்சின் மேலிருந்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கழுவிய முகத்தில் முதலில் பார்க்க வேண்டியது மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரும் மடிப்பு. லூபஸ் அந்த மடிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். பொடுகு வகைக் கரப்பான் அந்த மடிப்பிலேயே குடியிருக்கும். தோலையும் தசையையும் தாக்கும் டெர்மட்டோமயோசிடிஸ் மடிப்பையும் சேர்த்துப் பிடிக்கும், மேல் இமை கத்தரிப்பூ நிறமாகும். மங்கு வெறும் பழுப்பு நிறம்தான், மேடும் செதிலும் இருக்காது. பிறகு கையைப் பாருங்கள்: விரல் மொட்டுகளின் (கையை மடக்கினால் புடைக்கும் கணுக்களின்) மேலேயே தடிப்பு என்றால் டெர்மட்டோமயோசிடிஸ், மொட்டுகளுக்கு நடுவில் என்றால் லூபஸ் பக்கம். மேலண்ணத்தில் வலியில்லாத புண், முடி உதிர்வு, நுரைத்த சிறுநீர் மூன்றையும் கேட்டு, சிறுநீர்ப் பட்டையை (சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைத் தாளை) அன்றே நனைத்துப் பாருங்கள்.

படி 4: வெளுத்த திட்டு என்றால் பஞ்சு

வெளுத்த திட்டைப் பார்த்ததும் தேமல் என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள். அந்த இடம் மரத்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய் ஒழிப்பு இலக்கான 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற அளவை மியான்மர் 2003இல் எட்டியது. நோய் அதோடு நின்றுவிடவில்லை, புதிய நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவுங்கள்.

தொழுநோயின் இரண்டாம் வகை எதிர்வினையில் காய்ச்சல், வலிக்கும் முடிச்சுகள், மூட்டு வீக்கம் எல்லாம் வரும். முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ருமடாய்டு ஃபாக்டர் ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ் ஆகலாம். பஞ்சு எடுக்காத டாக்டர் அதை முடக்குவாதம் என்று எழுதிவிடுவார்.

படி 5: மூட்டு

"காலைல எந்திரிச்சா கையை மடக்க எவ்வளவு நேரம் ஆகுதும்மா?" ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் அழற்சி. பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரியாகிவிட்டால் தேய்மானம். விரல் மொட்டுகளை வரிசையாகச் சேர்த்து லேசாக அழுத்துங்கள், முகம் சுளித்தால் குறித்துக்கொள்ளுங்கள். முடக்குவாதம் மொட்டுகளையும் நடு மூட்டுகளையும் மணிக்கட்டையும் பிடிக்கும், நகத்தருகே உள்ள கடைசி மூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். கடைசி மூட்டு வீங்கியிருந்தால் தேய்மானம் அல்லது சொரியாசிஸ். நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் உண்டா, காதுக்குப் பின்னும் தொப்புளிலும் செதில் உண்டா என்று பாருங்கள்.

சிக்குன்குனியா முடக்குவாதத்தைப் போலவே இரு கைகளையும் பிடிக்கும், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். காய்ச்சல் கதையைக் கேளுங்கள். 6 வாரத்துக்கு முன் ஆயுள் நோய் என்று பெயர் சூட்டாதீர்கள்.

நடு ராத்திரியில் கால் கட்டைவிரல் வீங்கிப் போர்வை பட்டாலே வலித்தால், யூரிக் ஆசிட் சேர்ந்து வரும் கவுட். தாக்குதலின்போது யூரிக் ஆசிட் நார்மலாக வரலாம், அதை நம்பி விலக்காதீர்கள். யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபூரினால் எழுதும்போது 100 மி.கி. அல்லது அதற்குக் கீழே தொடங்குங்கள். தென்கிழக்கு ஆசிய மக்களிடம் எச்எல்ஏ-பி 58:01 மரபணு அதிகம், அது உள்ளவர்களுக்குப் படி 1இல் சொன்ன தோல் உரிவு வரும் ஆபத்து கூடுதல். "தடிப்பு வந்தா மாத்திரையை நிறுத்திட்டு உடனே வாங்கண்ணே" என்று சொல்லாமல் சீட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

படி 6: இப்போது ரத்தப் பரிசோதனை

லூபஸுக்குப் பார்க்கும் ஏஎன்ஏ பரிசோதனை 1:80 அளவில் நல்ல ஆரோக்கியமானவர்களிலும் பத்தில் ஒருவருக்கு மேல் பாசிட்டிவ் ஆகும். லூபஸ் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் மட்டும் எழுதுங்கள். முழங்கால் வலிக்கெல்லாம் ஏஎஸ்ஓ எழுதுவதை நான் ஏற்பதில்லை. தொண்டையில் ஸ்ட்ரெப் கிருமி வந்து போனதைத்தான் அது சொல்லும். நோயாளி கையில் காசு குறைவு என்றால் சிறுநீர்ப் பட்டையும், அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனையும் போதும், மீதிக் காசு பஸ்ஸுக்கு ஆகட்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த கிராமச் சுகாதார ஊழியர் ஒருவர், சொன்ன வடிவம் எதுவும் பொருந்தவில்லையே என்று எழுதியிருந்தார். காரணம் பெரும்பாலும் கடையில் ஸ்டீராய்டு கலந்து கொடுக்கும் மாத்திரைப் பொட்டலமும் ஸ்டீராய்டு களிம்பும்தான். களிம்பு பூசிய படர்தாமரைக்கு வளையமும் இருக்காது, செதிலும் இருக்காது. பொட்டலம் சாப்பிட்டவரின் மூட்டு வீங்காது, முகம் மட்டும் உருண்டிருக்கும். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

மீன் சாப்பிட்டு உடம்பு சிவந்ததைப் பற்றி இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கூடச் சாப்பிட்டவர்களுக்கும் முகம் சூடாகித் தலை வலித்ததா என்று முதலில் விசாரியுங்கள். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும், சமைத்தாலும் போகாது. அது கெட்ட மீனின் நஞ்சு, அவர் உடம்பின் அலர்ஜி அல்ல. அவருக்கு வாழ்நாள் முழுதும் மீன் கூடாது என்று எழுதாதீர்கள். எந்தக் கடையில் வாங்கினார்கள், எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்று கேளுங்கள்.