மருந்தாளுநர் கலந்து தரும் திரவ மருந்துகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாத்திரையை விழுங்க இயலாத குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உரிய அளவிலான திரவ மருந்து ஆயத்தமாகக் கிடைக்காதபோது, மருந்தாளுநர் மாத்திரையைப் பொடித்தோ மூலப்பொருளை எடையிட்டோ அதைத் தயாரித்துத் தருகிறார். பார்வைக்கு அது ஆலையில் செய்த சிரப்பைப் போலவே இருக்கும். ஆனால் ஆலைத் தயாரிப்புகளுக்குக் கட்டாயமான நெடுநாள் நிலைத்தன்மைச் சோதனை இதற்குப் பெரும்பாலும் நடந்திருக்காது.

மாத்திரை அட்டையிலுள்ள காலாவதித் தேதியையே குப்பியின் மீதும் எழுதுவது பெரிய தவறு. உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கெடாத மருந்து, நீரில் கலந்ததும் நீராற்பகுப்பாலோ (நீருடன் வினைபுரிந்து சிதைவது) ஆக்சிஜனேற்றத்தாலோ விரைவில் வீரியம் இழக்கலாம். இரத்த அழுத்த மருந்தான கேப்டோபிரில் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மருந்துத் தரநூலின் திருத்தப்பட்ட 795ஆம் அத்தியாயம், தனிச் சோதனைத் தரவு இல்லாத நிலையில், பிரிசர்வேட்டிவ் (கிருமி வளர்ச்சியைத் தடுக்கச் சேர்க்கும் பொருள்) இல்லாத நீர்மக் கலவைக்குக் குளிர்பதனத்தில் 14 நாட்களையும், பிரிசர்வேட்டிவ் உள்ளதற்கு 35 நாட்களையும் மேல்வரம்பாக வைக்கிறது. இவை உச்ச வரம்புகளே தவிர உத்தரவாதங்கள் அல்ல. மருந்து அதற்கு முன்பே சிதையுமானால் கெடுவை, அதாவது பயன்படுத்தக்கூடிய கடைசி நாளை, குறைத்தே எழுத வேண்டும்.

பிரிசர்வேட்டிவ் சேர்த்துவிட்டதாலேயே கிருமி பயம் தீர்ந்தது என்று எண்ணுவதை நான் இதைவிட ஆபத்தானதாகக் கருதுகிறேன், ஏனெனில் அந்தத் தவறு வெளியே தெரிவதில்லை. சோடியம் பென்சோயேட் என்ற பிரிசர்வேட்டிவ் அயனியாகாத அமில வடிவில்தான் கிருமிகளைத் தடுக்கிறது. பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.2 இல் அதில் ஏறத்தாழப் பாதி அந்த வடிவில் இருக்கும், 6.2 இல் 1 சதவீதமே எஞ்சும். மறுபுறம், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் அமிலத்தில் வேகமாகச் சிதைவதால் சோடியம் பைகார்பனேட் கரைசலில் தயாரிக்கப்படுகிறது. அந்தக் காரத்தன்மையில் பென்சோயேட் பெயரளவுக்கே இருக்கும்; பி.எச். 8 ஐத் தாண்டினால் மற்றொரு வகைப் பிரிசர்வேட்டிவான பாரபென்களும் வலுவிழக்கின்றன. பிரிசர்வேட்டிவுக்காக அமிலத்தைச் சேர்த்தால் மருந்து கெடும், மருந்துக்காகக் காரத்தை வைத்தால் பிரிசர்வேட்டிவ் பயனற்றுப்போகும் என்ற இந்த இக்கட்டில், கலவையைக் குளிர்பதனத்தில் வைத்துக் குறுகிய கெடுவுடன் சிறிய அளவில் தயாரிப்பதே நேர்மையான வழி. கசப்பை மறைக்க இத்தகைய கலவையில் புளிப்பான பழச்சுவை சிரப்பைச் சேர்ப்பதும் இதே காரணத்தால் தவறு. பாலிசார்பேட் 80 போன்ற பரப்புச்செயலிகள் (நீரில் எளிதில் கலவாத பொருட்களைக் கலக்கவைப்பவை) பாரபென்களைத் தம்முள் பிணைத்து, அவற்றின் ஆற்றலைக் குறைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

செறிவான சர்க்கரைப் பாகு கிருமிகளுக்குத் தேவையான நீரைத் தன்னிடமே பிடித்துவைத்திருப்பதால் அதில் அவை எளிதில் பெருகுவதில்லை. அதே பாகை நீர்க்கச் செய்தால் அந்தப் பாதுகாப்பு போய், சர்க்கரை அவற்றுக்கு உணவாகிவிடுகிறது.

தயாரிக்கும் நீரும் கவனத்துக்குரியது. தூய்மைப்படுத்திய நீரானாலும் திறந்த பாத்திரத்தில் தேங்கினால், மிகக் குறைந்த ஊட்டத்திலும் வாழவல்ல பர்கோல்டேரியா செபேசியா போன்ற பாக்டீரியாக்கள் அதில் வளரும். 2016 இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் நோயாளிகளுக்கு இந்தத் தொற்று பரவியபோது, மலமிளக்கி மருந்தான வாய்வழித் திரவ டோக்குசேட் அதற்கு மூலமாகக் கண்டறியப்பட்டது. அது ஆலைத் தயாரிப்பு என்பது கூடுதலாக எச்சரிக்க வேண்டிய செய்தி. ஒரு மில்லிலிட்டரில் லட்சக்கணக்கான பாக்டீரியா இருந்தாலும் திரவம் தெளிவாகவே தோன்றலாம் என்பதால், கண்ணையும் மூக்கையும் நம்பிக் கெடுவை நீட்டுவது பொருந்தாது.

மருந்தை மெதுவாக வெளியிடும் மாத்திரைகளைப் பொடிப்பதும், பழைய மிச்சத்தின் மேல் புதிய கலவையை ஊற்றுவதும் கூடவே கூடாதவை. குளிர்ச்சியும் எல்லா மருந்துக்கும் நன்மையன்று. சில கரைசல்களில் மருந்து படிகமாகிப் பிரிந்து, முதல் வேளைகளில் குறைவாகவும் கடைசி வேளைகளில் அளவுக்கு மீறியும் செல்லும்.

வீட்டில், குழந்தையின் வாயில் வைத்த சிரிஞ்சைக் கழுவாமல் மீண்டும் குப்பிக்குள் விடுவது உமிழ்நீரையும் கிருமிகளையும் மருந்துக்குள் சேர்க்கிறது. மருந்தைக் கொடுக்கும்போதே குப்பியைக் குலுக்கும் முறை, வைக்கும் இடம், அப்புறப்படுத்த வேண்டிய நாள் ஆகிய மூன்றையும் லேபிளில் எழுதியும் வாயால் சொல்லியும் அனுப்ப வேண்டும். "ஃபிரிட்ஜில் வைக்கவும்" என்று மட்டும் எழுதினால், பலர் குப்பியை உறைபெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள்.