பெட்டி கட்டுவதற்கு முன்: திருகோணமலைக்குப் புத்தகம் அனுப்புகிறவர்களுக்கு

என் தங்கச்சி கனடாவில் இருக்கிறாள். வீட்டுக்குப் பக்கத்து நூலகம் இனி வேண்டாமென்று கழித்த சிறுவர் புத்தகங்களை அவள் கேட்டு வாங்கி அனுப்பியதால்தான் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் எங்கள் வாசிகசாலை தொடங்கியது. இங்கே பெட்டியைத் திறப்பவள் நான். அதனால் சொல்கிறேன்.

முதலில், கழித்த புத்தகம் என்பதற்கான முத்திரை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நூலகத்தில் கேட்டு முத்திரை அடித்து வாங்குங்கள்.

அப்புறம், ஏன் கழித்தார்கள் என்று கேளுங்கள். கூடுதல் பிரதி என்றால் சந்தோஷமாக எடுக்கலாம். தகவல் பழசாகிவிட்டது என்றால் வேண்டாம். புளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று சொல்லும் புத்தகம் ஒன்று வந்தது. 2006இலேயே அதைக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள். தரம் ஐந்து பிள்ளை ஒன்று அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். 2011க்கு முந்திய தேசப்படமும் வேண்டாம், அதில் தென் சூடான் இருக்காது.

எங்களுக்கு அதிகம் உதவுவது பெரிய படமும் பக்கத்துக்கு இரண்டு வரியும் உள்ள ஆங்கிலப் புத்தகம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் அந்த வரிகளைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்துக்குக் கீழே ஒட்டுவார்கள். பனிமனிதன் கதை வந்தபோது அரைமணி நேரம் வாக்குவாதம். இங்கே பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்பதுதானே, அதில் எப்படி மனிதன் செய்வது? கடைசியில் 'உறைந்த பனி' என்று எழுதி ஒட்டினார்கள். தமிழ்ப் புத்தகம் கிடைத்தால் ஒன்றையும் விடாதீர்கள்.

ஒரு பெட்டி 15 கிலோவைத் தாண்ட வேண்டாம், அடி பிய்ந்துவிடும். உள்ளே தடித்த பொலித்தீன் விரித்து, நன்றாகக் காய்ந்த புத்தகங்களை மட்டும் அடுக்குங்கள். 'பயன்படுத்திய சிறுவர் நூல்கள், விற்பனைக்கு அல்ல' என்று எழுதிய பட்டியலை மேலே வையுங்கள். கப்பலில் அனுப்பினால் ஐப்பசி முதல் தை வரை இங்கே வந்து சேராதபடி பாருங்கள், அது எங்கள் மழைக்காலம். ஒரு கார்த்திகையில் வந்த பெட்டியில் மினுக்குத் தாள் புத்தகங்கள் நனைந்து ஒரே கட்டியாகியிருந்தன. பிரிக்கப் பிரிக்கப் படங்கள் உரிந்து வந்தன. அன்றைக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் பெட்டியைத் திறந்திருக்கக் கூடாது.

பெட்டி கட்ட முன் புத்தகம் வந்து சேரும் இடத்துக்கு ஒரு போன் கோல் எடுத்து, என்ன தேவை என்று கேளுங்கள். மூன்றாவது பெட்டிக்குச் செலவழிக்கும் காசில் புத்தகம் அடுக்க ஓர் இரும்பு றாக்கை வாங்கலாம். எங்கள் மர அலுமாரியின் கீழ்த்தட்டைக் கறையான் தின்றுவிட்டது, இப்போது அங்கே புத்தகம் வைப்பதில்லை.