பிள்ளைகளோடு ஒன்ராறியோ வருபவர்களுக்கு: பள்ளிக்கூடம், படிவங்கள், அரசாங்க உதவிகள்

ஒன்ராறியோவில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பெரிதாக அலையத் தேவையில்லை. எந்தப் பள்ளி என்பதை வீட்டு விலாசம்தான் தீர்மானிக்கும். பிறந்த தேதிக்கும் விலாசத்துக்கும் ஒவ்வொரு சான்று, குடிவரவுப் பத்திரம், தடுப்பூசி அட்டை ஆகியவை கையில் இருக்கட்டும். தடுப்பூசி அட்டையை ஊரில் விட்டுவிட்டு வராதீர்கள். தட்டம்மை, போலியோ போன்றவற்றுக்கு ஊசி போட்ட பதிவோ முறையான விலக்கோ இல்லையென்றால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து இடைநிறுத்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

விசா இல்லையே என்று பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை, அவருக்கோ பெற்றோருக்கோ சட்டபூர்வ அனுமதி இல்லை என்ற காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு சொல்கிறது.

நான்கு வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரிலேயே முழுநாள் பாலர் வகுப்பு, இலவசம். கீழ் வகுப்புகளில் பொதுவாக வயதைப் பார்த்தே வகுப்பு கொடுப்பார்கள். ஊரில் ஆறாம் வகுப்பில் இருந்தவரை இங்கே ஏழில் உட்காரவைத்தால் திகைக்க வேண்டாம்.

ஹைஸ்கூலில்தான் பெற்றோர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஹைஸ்கூல் முடித்ததற்கான சான்றிதழான டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட்டும் (பாடம் தேறினால் கிடைக்கும் புள்ளி) 40 மணிநேரச் சமூகத் தொண்டும் எழுத்தறிவுத் தேவையும் (வாசிக்கவும் எழுதவும் முடியும் என்று காட்டுவது) இருக்கின்றன. இவற்றைப் பள்ளியே ஞாபகப்படுத்தும். பாடத்தெரிவு அப்படியில்லை. பொறியியல் படிக்க 12ஆம் வகுப்பில் கால்குலஸ் வேண்டும். அதற்குப் 11இல் பல்கலைக்கழகத் தரக் கணிதம், அதற்குப் 10இல் ‘அகடமிக்’ கணிதம் எடுத்திருக்க வேண்டும். நடைமுறை சார்ந்த ‘அப்ளைட்’ பிரிவு சுலபமாம் என்று 15 வயதில் ஒரு பெட்டியில் புள்ளடி போட்டால், பிறகு திரும்ப வழி உண்டுதான், ஆனால் கூடுதல் பாடம் படித்துத்தான் வர வேண்டும். எல்லாம் ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்பது நம்மவர் பழக்கம். இங்கே அது சரிவராது. படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் பள்ளியின் வழிகாட்டல் ஆலோசகரைச் சந்தித்துக் கேளுங்கள். ஊரில் படித்த ஹைஸ்கூல் மதிப்பெண் சான்றுகளையும் கொண்டுபோங்கள், சில கிரெடிட் அதிலேயே கிடைக்கும்.

அப்புறம் காசு. கனடா பிள்ளைகள் நலக் கொடுப்பனவு, அதாவது சி.சி.பி., மாதாமாதம் வரும், வரி இல்லை. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரைக்கான உச்சத்தொகை ஆறு வயதுக்குக் கீழே ஆண்டுக்கு 7,997 டொலர், 6 முதல் 17 வயதுவரை 6,748 டொலர். குடும்ப வருமானம் கூடக்கூட இது குறையும். நிரந்தரவாசிகளும் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டவர்களும் வந்தவுடனே விண்ணப்பிக்கலாம். வேலை அல்லது படிப்பு அனுமதியில் இருப்பவர்கள் 18 மாதம் இங்கே வசித்திருக்க வேண்டும், 19ஆவது மாதத்திலும் அனுமதி செல்லுபடியாக வேண்டும். கணவன், மனைவி இருவருமே ஒவ்வோர் ஆண்டும் வரிக்கணக்குக் காட்ட வேண்டும், வருமானம் பூச்சியமானாலும்தான். ஒருவர் காட்டாவிட்டாலும் ஜூலை முதல் காசு நின்றுவிடும்.

பலர் கோட்டைவிடுவது கனடா கற்றல் பத்திரத்தை. 2004 அல்லது அதற்குப் பிறகு பிறந்த, குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு அரசாங்கம் முதல் தகுதி ஆண்டில் 500 டொலரும், பிறகு தகுதியுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 100 டொலருமாக 2,000 வரை போடும். உங்கள் கைக்காசு ஒரு சதமும் தேவையில்லை. பிள்ளைக்கு சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்) எடுத்து, ஆர்.ஈ.எஸ்.பி. என்ற மேற்படிப்புச் சேமிப்புக் கணக்குத் திறந்து, அங்கேயே இந்தப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தால் போதும். வீட்டுக்கு வந்து கதைத்து விற்கும் குழு ஆர்.ஈ.எஸ்.பி. திட்டங்களில் ஆரம்பக் கட்டணம் கடிக்கும், வங்கியில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

25 வயதுக்குக் கீழே, தனியார் காப்புறுதி இல்லையென்றால், மருந்துச்சீட்டோடு ஒன்ராறியோ சுகாதார அட்டையைக் காட்டினால் ஆயிரக்கணக்கான மருந்துகள் இலவசம். குறைந்த வருமானக் குடும்பங்களின் 17 வயதுவரையான பிள்ளைகளுக்குப் பல் வைத்தியத்துக்கும் தனித்திட்டம் உண்டு.

இவற்றில் எங்காவது சிக்கினால் புதிதாக வந்தவர்களுக்கு உதவும் குடியமர்வுப் பணியாளர் வருவாரா என்று பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள், படிவம் நிரப்ப உதவுவது அவர் வேலை. அவர் கிடைக்காவிட்டால் சமூக உதவிகளைப் பற்றிச் சொல்லும் 211 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்.