மாலத்தீவுப் பயணம்: விமான டிக்கெட்டுக்கு முன்னால் படகு நேரத்தைப் பாருங்கள்

மாலத்தீவுப் பயணத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். தங்குமிடத்தை முதலில் பிடித்துவிட்டு, மலிவாகக் கிடைத்த விமானத்தையும் போட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவே கடல் இருப்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். 1,192 தீவுகள் கொண்ட நாடு அது. வடமுனைக்கும் தென்முனைக்கும் 850 கிலோமீட்டருக்கு மேல் தூரம். வேலானா பன்னாட்டு விமான நிலையமே ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. அங்கே இறங்கியபின் நீங்கள் போகும் தீவுக்கு அன்றைக்குப் படகு உண்டா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று விடுதிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற விமானத்தைப் பிடியுங்கள்.

மலிவான வழி அரசு ஃபெர்ரி. தலைநகர் மாலேயிலிருந்து மாஃபுஷி தீவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், கட்டணம் சில டாலர்தான். ஆனால் அது விமான நிலையத்திலிருந்து கிளம்பாது. பாலம் கடந்து மாலே நகரின் தென்மேற்கு மூலைக்கு டாக்சியில் போக வேண்டும். நாளுக்கு ஒன்றிரண்டு நடைதான். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் பல தடங்களில் அன்று ஓடாது. வெள்ளியன்று இறங்குகிறவர்கள் ஃபெர்ரியை நம்பித் திட்டம் போடக் கூடாது.

ஸ்பீட்போட் விமான நிலையத்துப் படகுத்துறையிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். மாஃபுஷிக்கு அரை மணி முதல் முக்கால் மணி, ஆளுக்குச் சுமார் 25 டாலர். தூரத் தீவுகளுக்கு இது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். காற்றுக் காலத்தில் படகின் மூக்கு அலையில் ஏறி ஏறி விழும். முன் இருக்கையில் இருப்பவர்களுக்கு முதுகெலும்பே அதிரும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் பின்பக்கம் இஞ்சினை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும். தலை சுற்றத் தொடங்கியபின் போட்டால் வாந்தியோடு போய்விடும்.

கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு தரையிறங்குகிறவர்களுக்கு அன்றைக்கு அது கிடைப்பது கடினம். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பது வழக்கமான வரம்பு. கூடுதலானால் கிலோ கணக்கில் காசு. ஃபுவாமுலா, கன், தரவந்தூ போன்ற தொலைவான தீவுகளுக்கு உள்நாட்டு விமானம் உண்டு.

மாலையோ இரவோ இறங்கினால் அன்றிரவு ஹுல்ஹுமாலேயில் தங்கிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து சாலை வழியாகவே போகலாம், அறை வாடகையும் மாலேயை விடக் குறைவு. இருட்டில் தனிப் படகு பிடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

நுழைவும் சுங்கமும்

சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா வாங்கத் தேவையில்லை. இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு இரண்டையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். இறங்குவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற பயணி அறிவிப்புப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிவரவுத் துறையின் தளத்தில் இது இலவசம். கட்டணம் கேட்கிற தளம் எதுவானாலும் இடைத்தரகர் தளம், மூடிவிடுங்கள்.

பெட்டிகள் எல்லாமே எக்ஸ்ரேயில் போகும். மது, பன்றி இறைச்சி, இ-சிகரெட் மூன்றுக்கும் தடை. டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலையும் பிடித்து வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். வழிபாட்டுக்கான சிலைகளுக்கும் தடை உண்டு. பயணப் பையில் சின்னப் பிள்ளையாரையோ முருகனையோ வைத்திருக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. தூக்க மாத்திரை, வலுவான வலிநிவாரணி எடுத்துக்கொள்பவர்கள் டாக்டர் சீட்டோடு, மாத்திரையை அதன் அட்டையோடே கொண்டுபோக வேண்டும். 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் புகையிலை பயன்படுத்த 2025 நவம்பரிலிருந்து தடை இருக்கிறது. அது சுற்றுலா வருபவர்களுக்கும் பொருந்தும்.

அறை வாடகையைக் கணக்கிடுவது

மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த 2009-இல்தான் அனுமதி வந்தது. அதற்கு முன் பெரும்பாலும் ரிசார்ட்தான். நடுத்தரக் குடும்பம் இன்று மாலத்தீவு போக முடிவது இதனால்தான். ஆனால் இணையத்தில் பார்க்கும் விலை இறுதி விலை அல்ல. இரவுக்கு 60 டாலர் என்று போட்டிருந்தால் அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 66 ஆகும். அந்த 66-க்கு 17 சதவீத சுற்றுலா வரி சேர்ந்து 77.22. பிறகு பசுமை வரி: சிறிய கெஸ்ட் ஹவுஸ் என்றால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், ரிசார்ட் என்றால் 12. இரண்டு பேருக்கு 12 டாலர் கூட்டினால் 89.22. அறுபது என்று நினைத்துப் போனவர் தொண்ணூறு கொடுக்கிறார். பதிவு செய்யும்போதே “எல்லா வரியும் சேர்த்தா?” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படகுக் கட்டணமும் இதில் அடங்காது.

நாட்டு நாணயம் ருஃபியா, டாலருக்கு 15.42 என்பது வங்கி விலை. வெளிநாட்டில் அது செல்லாது, ஆகவே தேவைக்கு மட்டும் மாற்றுங்கள். கசங்காத 5, 10, 20 டாலர் நோட்டுகள் மிகவும் உதவும். பல சிறு தீவுகளில் ஏடிஎம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் சில நாள் வேலை செய்யாது. நேரம் இந்தியா, இலங்கையை விட அரை மணி பின்னால். சில ரிசார்ட்டுகள் தங்களுக்கென்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்திருக்கும். படகு நேரம் சொன்னால் மாலே நேரமா, ரிசார்ட் நேரமா என்று கேளுங்கள். பிளக் இங்கிலாந்து வகை, தட்டையான மூன்று கால்.

எப்போது, எந்தத் தீவு

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. மாலத்தீவின் திவேஹி மொழியில் ‘இருவை’. வானம் தெளிவு, கடல் அமைதி, விலை உச்சம். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று, ‘ஹுல்ஹங்கு’. மழையும் அலையும் உண்டு, விலை இறங்கும். மழைக் காலம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பெரும் திருக்கைகளான மாண்டாக்களைப் பார்க்க அதுதான் காலம். காற்றோடு நீரோட்டமும் திசை மாறும். தென்மேற்குக் காலத்தில் மிதவை உயிரிகள் பவளத் தீவுக் கூட்டங்களின் கிழக்குப் பக்கம் வந்து குவியும். பா அட்டோல் என்ற தீவுக் கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் அப்போது மாண்டாக்கள் மேய வருகின்றன. தரவந்தூவில் தங்கினால் அருகிலேயே. அங்கே காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாவுக்கு அனுமதி கிடையாது, மூச்சுக் குழாயோடு மேலே மிதந்து பார்க்கும் ஸ்னார்க்கல் மட்டும்தான், அதுவும் 45 நிமிடம்.

திமிங்கிலச் சுறாவைப் பார்க்கத் தெற்கு அரி அட்டோலில் உள்ள திகுரா தீவு. அங்கே ஆண்டு முழுதும் வாய்ப்பு உண்டு. உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளியே நீந்துங்கள். தர்பூசணித் தோட்டங்களும் அமைதியும் வேண்டுமென்றால் தொட்டூ. முதல் முறை, மூன்றே நாள் என்றால் மாஃபுஷி போதும். கூட்டம் இருக்கும், வசதியும் இருக்கும். இரவில் நீலமாக ஒளிரும் கரைக்காகவே வாதூவுக்குப் போகாதீர்கள். அந்த ஒளி மிதவை உயிரிகளுடையது. எந்தத் தீவிலும் வரலாம், எந்தத் தீவிலும் வராமலும் போகலாம்.

தண்ணீரில்

கரையிலிருந்து பார்த்தால் குளம்போல் இருக்கும். ஆபத்து இருப்பது பவளத் திட்டின் விளிம்பிலும் தீவுகளுக்கு இடையிலான கால்வாய்களிலும். கடல் நீர் வற்றும்போதும் ஏறும்போதும் அவற்றின் வழியே நீர் ஆறுபோல ஓடும், நீச்சல் வீரரையும் இழுத்துப் போகும். இறங்கும் முன் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டு, அதை எதிர்த்துத் தொடங்குங்கள். களைத்தபின் திரும்ப அதுவே கொண்டுவந்து விடும். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் குறுக்கே நீந்துங்கள்.

சுறாவை விடக் கவனிக்க வேண்டியது டைட்டன் ட்ரிகர் மீன். நம் கரையில் கிளாத்தி என்கிறோமே, அந்த இனம்தான். முக்கால் மீட்டர் வரை வளரும். மணலில் குழி பறித்து முட்டையிட்டிருக்கும்போது முதுகு முள்ளை நிமிர்த்திக்கொண்டு நேராக வந்து கடிக்கும். அது காக்கும் எல்லை குழியிலிருந்து மேல்நோக்கி விரியும் புனல் மாதிரி. மேலே நீந்தினால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். காலில் மாட்டிய ஃபின்னை (நீச்சல் துடுப்பை) அதன் பக்கம் நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் விலகுங்கள்.

பவளத்தின்மேல் நிற்காதீர்கள். அது உயிர், கை அகலம் வளர அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். கீறல் பட்டால் ஆறுவதும் மெதுவாகத்தான்: நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, மறுநாள் கடலில் இறங்காமல் இருங்கள். முழுக்கைச் சட்டை போட்டு நீந்தினால் முதுகு வெந்துபோகாது, சன்ஸ்கிரீனும் கடலில் குறைவாகக் கலக்கும்.

ஊருக்குள்

ஊர்த் தீவுகளில் தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். சுடிதார், சேலை, வேட்டி எதுவும் சரி. ஆண்கள் வெற்று மார்போடு தெருவில் நடக்கக் கூடாது. நீச்சலுடை ‘பிகினி பீச்’ என்று பலகை வைத்த இடத்தில் மட்டும். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். ரமலானில் பகலில் பொது இடத்தில் சாப்பிடாதீர்கள், விடுதியில் தருவார்கள்.

காலை உணவு ‘மஸ் ஹுனி’: சூரை மீனைத் துருவிய தேங்காய், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சையோடு கையால் பிசைந்து, ‘ரோஷி’ என்ற மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். நாம் இடித்துச் சம்பலில் போடும் மாசிக் கருவாடு இந்த நாட்டுச் சரக்குதான். திவேஹியில் ‘மஸ்’ என்றால் மீன். நம் தோணி அங்கே ‘தோனி’. சைவக்காரர்கள் வெறுமனே “வெஜிடேரியன்” என்று சொன்னால் போதாது. இறைச்சி இல்லை என்று புரிந்துகொண்டு மீன் போட்டுவிடக்கூடும். மீன், மாசி, ‘ரிஹாகுரு’ என்ற மீன் விழுது மூன்றும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். பருப்பும் சோறும் எங்கும் கிடைக்கும். ஊறுகாய், பொடி கொண்டுபோனால் நிம்மதி.

போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 102, கடலோரக் காவல் 191. தூரத் தீவில் உடம்புக்கு முடியாமல் போனால் மாலேக்குக் கொண்டுவரும் செலவுதான் பெரிது. காப்பீட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிளம்பும் நாள்

வெளியேறவும் இமுகா படிவம் நிரப்ப வேண்டும். ஸ்கூபா இறங்கியிருந்தால் அதற்கும் விமானத்துக்கும் இடையில் 24 மணி நேரம் விடுங்கள். பவளம், ஆமை ஓட்டில் செய்த பொருள் எதையும் பையில் வைக்காதீர்கள், கொண்டுபோவது குற்றம். கரையில் பொறுக்கிய சிப்பியையும் அங்கேயே போட்டுவிடுங்கள். தீர்ந்த பேட்டரி, காலி சன்ஸ்கிரீன் டப்பாக்களை மட்டும் ஊருக்குக் கொண்டுவாருங்கள், அந்தச் சின்னத் தீவுகளில் குப்பை போட இடமே இல்லை. படகு விமான நிலையத்தைத் தொடும் நேரத்துக்கும் விமானம் புறப்படும் நேரத்துக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் முந்தின நாளே ஹுல்ஹுமாலே வந்துவிடுங்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டியதுதான்.